பள்ளிக்குக் கைகொடுக்கும் பழைய மாணவர்கள்: வட்டுக்கோட்டை சொல்லும் பாடம்

படித்த பள்ளியின் பெயரால் பழைய மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவதும், வயதான ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதும், விருந்தின் முடிவில் பள்ளிக்காக நன்கொடை திரட்டுவதும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் அடிக்கடி காணும் காட்சிகள். கணினி அறை, மண்டபக் கூரை, சிற்றுண்டிச்சாலை என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு தேவை முன்வைக்கப்படும். கொடுப்பவர்களும் மனம் கோணாமல் கொடுக்கிறார்கள். பாராட்டப்பட வேண்டிய பண்பு இது.

ஆனால், இப்படித் திரட்டும் பணம் ஒரு பள்ளியை எத்தனை காலம் தாங்கும்? பணம் கொடுத்தவர்களுக்குப் பள்ளியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் உரிமை உண்டா? பணம் மட்டும் இருந்தால் பள்ளி நிலைத்துவிடுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேட, ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு கொண்ட ஒரு கல்விக்கூடத்தின் கதை உதவும். அது இருப்பது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில். மலாயாவின் ரயில் நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த பலருடைய குடும்ப வரலாறு யாழ்ப்பாணத்துப் பள்ளிகளோடு பிணைந்து கிடப்பதால், இது நமக்குத் தூரத்துக் கதையும் அல்ல.

பிறர் பணத்தில் எழுந்த பள்ளி

அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தனர். பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கிறிஸ்துவ சபை அவர்களை அனுப்பியிருந்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துகீசியர், டச்சுக்காரர் காலத்துப் பழைய தேவாலயக் கட்டடங்களைச் செப்பனிட்டு அவர்கள் குடியேறினர். 1823ஆம் ஆண்டு, டேனியல் பூர் என்பவரை முதல்வராகக் கொண்டு வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக்கூடம் திறக்கப்பட்டது. ‘வட்டுக்கோட்டை செமினரி’ என்று வரலாற்றில் பெயர் பெற்ற நிலையம் அதுதான்.

அங்கே தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. கணிதம், வானியல், இயற்கை அறிவியல் ஆகியவையும் பாடங்களாக இருந்தன. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1850ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத் தக்க நிலையம் என்ற கருத்துப்பட இதைப் புகழ்ந்திருக்கிறார்.

பிற்காலத்தில் வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி ஆகியவற்றைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை இங்கே படித்தவர். 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் அவரும், அவருடைய ஆசிரியர் கரோல் விசுவநாதபிள்ளையும். அந்த ஆசிரியரும் செமினரி தந்தவரே. புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 1886ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் இதே நிலையத்தின் மாணவர்.

இந்தப் பெயர்களில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. ஆர்னல்ட், கரோல், நெவின்ஸ், பிரெக்கன்ரிட்ஜ் போன்ற பெயர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு எப்படி வந்தன? தொடக்க காலத்தில் மாணவர்களின் உணவு, உடை, தங்குமிடச் செலவை அமெரிக்காவில் உள்ள கொடையாளர்கள் ஏற்றனர். ஒரு பிள்ளையின் செலவை ஏற்பவர்கள், தாங்கள் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த மாணவர்களின் பெயரே வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு முடிவில் மூடிய கதவு

1855ஆம் ஆண்டு செமினரி மூடப்பட்டது. மாணவர் இல்லை என்பதோ ஆசிரியர் இல்லை என்பதோ காரணம் அல்ல. பாஸ்டன் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு நேரில் வந்து பார்வையிட்டது. சமயம் பரப்பும் பணிக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அவருடைய கொள்கை. ஆங்கிலம் படித்த மாணவர்கள் அரசாங்க வேலையை நாடுகிறார்கள், சமயப் பணிக்கு வருகிறவர்கள் குறைவு என்று குழு கருதியது. அதன் விளைவாகக் கதவு சாத்தப்பட்டது. டேனியல் பூர் மானிப்பாயில் காலரா கண்டு இறந்ததும் அதே 1855ஆம் ஆண்டில்தான்.

ஆண்டர்சனின் கொள்கையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொலைவில் உள்ளவர்கள் ஒரு நோக்கத்துக்காகப் பணம் கொடுத்தார்கள். அந்த நோக்கம் நிறைவேறவில்லை என்று எண்ணியபோது பணத்தை நிறுத்தினார்கள். கொடுத்தவருக்கு அது கணக்கு. படித்தவருக்கோ அது வாழ்வு. செமினரியில் பயின்று இலங்கையிலும் இந்தியாவிலும் பணியில் அமர்ந்திருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தனர். ஆயினும், அந்தக் கதவு சாத்தப்படுவதைத் தடுக்கும் அதிகாரம் அவர்கள் எவரிடமும் இல்லை. பிறர் பணத்தில் நடக்கும் பள்ளி பிறர் சொல்லில் மூடப்படும் என்ற பாடத்தை யாழ்ப்பாணம் அன்று கற்றுக்கொண்டது.

பழைய மாணவர்கள் எழுப்பிய குரல்

அந்தப் பாடம் வீண்போகவில்லை. செமினரியின் பழைய மாணவரான ராபர்ட் பிரெக்கன்ரிட்ஜ் வட்டுக்கோட்டையில் ஓர் ஆங்கிலப் பள்ளியை நடத்தி, கல்வியின் தொடர்ச்சி அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். 1860களில் பழைய மாணவர்களும் உள்ளூர்க் கிறிஸ்துவர்களும் உயர்கல்வி நிலையம் ஒன்று மீண்டும் வேண்டும் என்று வற்புறுத்தத் தொடங்கினர். அமெரிக்கத் தொண்டர்கள் சிலரும் அவர்கள் பக்கம் நின்றனர்.

இதன் பயனாக 1872ஆம் ஆண்டு அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. ஈ. பி. ஹேஸ்டிங்ஸ் முதல்வரானார். பெயரும் முதல்வரும் மாறியதைவிட முக்கியமான மாற்றம் வேறொன்று. புதிய கல்லூரிக்கென்று தனி இயக்குநர் குழு அமைந்தது. அதில் அமெரிக்கர்களோடு தமிழர்களும் அமர்ந்தனர். கல்லூரிக்கென்று தனி நிதியும் திரட்டப்பட்டது. அமெரிக்காவில் சேர்ந்த நிதியைப் பாதுகாக்க 1877ஆம் ஆண்டு அங்கேயே ஓர் அறங்காவலர் அமைப்பு சட்டப்படி பதிவு செய்யப்பட்டது. முதலைத் தொடாமல் அதன் வருவாயைக் கல்லூரிக்கு அனுப்புவதே ஏற்பாடு.

இப்படி நிதி வைப்பது மேல்நாட்டார் நமக்குச் சொல்லித் தந்த வித்தை அல்ல. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடுத்த செய்தி பல இடங்களில் வருகிறது. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். மந்தை குட்டி போட்டுப் பெருகும், எண்ணிக்கை குறையாது. அதனால்தான் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அதற்குப் பெயர் வைத்தன. ஒரு நாள் நெய்க்குக் காசு கொடுப்பது நன்கொடை; விளக்கு என்றும் எரிய ஆடு கொடுப்பது கட்டளை. பள்ளிக்குக் கொடுப்பதிலும் இந்த வேறுபாடு உண்டு.

மலாயாவிலிருந்து போன மணியார்டர்

யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்களுக்கு மலாயா வேலை கொடுத்தது. 1885ஆம் ஆண்டு தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பிறகு பாதைகள் நீள நீள, நிலைய அதிகாரி, எழுத்தர், நில அளவையாளர் என்று யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்து குவிந்தனர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் 1904ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விவேகானந்தர் ஆசிரமம் அவர்கள் கூட்டாகச் செய்த பணிகளுக்கு ஒரு சான்று.

சம்பள நாளில் அவர்கள் அனுப்பிய மணியார்டர் யாழ்ப்பாணத்தில் வீடானது, வளவானது, தங்கை கழுத்தில் தாலிக்கொடியானது. அதில் ஒரு பங்கு படித்த பள்ளிக்கும் போனது. நிதி திரட்டுவதற்காக யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் சார்பில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்களும் உண்டு. கிறிஸ்துவப் பள்ளிகள் மட்டுமன்றி, சைவர்கள் நடத்திய பள்ளிகளும் இவ்வாறு பயன் பெற்றன. யாழ்ப்பாண இந்துக் கல்லூரியின் தொடக்கத்தைத் தேடிப் போனாலும், 1880களில் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கிய சிறு பள்ளியில்தான் போய் நிற்போம். அவருடைய பெயரே அவர் எந்தக் கல்வி மரபில் வந்தவர் என்பதைச் சொல்லும்.

ஆனால், மணியார்டரை மட்டும் நம்புவதில் ஆபத்தும் இருந்தது. 1942ஆம் ஆண்டு மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. இலங்கைக்குப் பணம் போகும் வழி ஒரே நாளில் அடைபட்டது. ஊரில் கடிதத்துக்குக் காத்திருந்த குடும்பங்களைப் போலவே, மலாயாக் காசை நம்பியிருந்த பொதுப்பணிகளும் தவித்தன. ஒரே ஊற்றை நம்பிய கிணறு, ஊற்று அடைபட்டால் வற்றத்தான் செய்யும்.

கட்டணமும் இல்லை, மானியமும் இல்லை

1960, 1961ஆம் ஆண்டுகளில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் இலங்கையில் உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்கச் சட்டங்கள் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் பல பள்ளிகள் அரசாங்கப் பள்ளிகளாயின. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி போன்ற சில மட்டும் கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாகத் தொடர முடிவு செய்தன.

அந்த முடிவின் பொருள் எளிதானதல்ல. மாணவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. முன்பு கிடைத்த அரசாங்க மானியமும் இல்லை. ஆசிரியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் தர வேண்டும். இந்த நெருக்கடியில் பழைய அறக்கட்டளை நிதியும், திருச்சபையும், பெற்றோரும், பழைய மாணவர்களும்தான் தோள் கொடுத்தனர். விழா நாளில் மட்டும் நினைக்கப்பட்ட பழைய மாணவர் சங்கம், பள்ளியின் அன்றாட மூச்சுக்கே தேவைப்பட்ட காலம் அது.

பிறகு போர் வந்தது. 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். படித்தவர்கள் லண்டன், டொரன்டோ, சிட்னி என்று சிதறினர். ஆனால், போன இடத்திலெல்லாம் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் முளைத்தன. 1942இல் பட்ட துன்பத்துக்குக் காலம் தந்த மறுமொழி என்று இதைச் சொல்லலாம். ஊற்று ஒன்றாக இருந்த இடத்தில் பல ஊற்றுகள் உண்டாயின.

பணத்தால் முடியாத ஒன்று

இவ்வளவும் கேட்ட பிறகு, பணமும் நல்ல அமைப்பும் இருந்தால் எந்தப் பள்ளியையும் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றும். அதற்கு எதிர்ச்சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் 1946ஆம் ஆண்டு கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைப்பினர் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். உழைப்பாளி மக்கள் கைப்பொருள் போட்டு வளர்த்த பள்ளி அது. 1960ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அங்கே படித்த பலர் தமிழாசிரியர்களாகவும் ஊடகத் துறையினராகவும் விளங்கினர்.

ஆயினும் 1982ஆம் ஆண்டு அப்பள்ளி மூடப்பட்டது. யாரும் பணத்தை நிறுத்தவில்லை. தொலைவிலிருந்து ஒரு குழு வந்து தீர்ப்புச் சொல்லவும் இல்லை. பெற்றோர் ஆங்கிலவழிக் கல்வியை நாடியதால் மாணவர் எண்ணிக்கை தேய்ந்தது. மறு ஆண்டு உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமாக அப்பெயர் மறுவாழ்வு பெற்றது ஆறுதலே. ஆனால் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி திரும்பவில்லை. வட்டுக்கோட்டையில் மாணவர் இருந்தும் பணம் நின்றது. தஞ்சோங் பகாரில் பற்று இருந்தும் மாணவர் குறைந்தனர்.

இங்கே நாம் செய்ய வேண்டியது

மலேசியாவில் 1957ஆம் ஆண்டு 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது கணக்கு. இன்று எஞ்சியிருப்பவை 530 அளவில். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலம் அரசாங்கத்துடையதாக இல்லாத இத்தகைய பள்ளிகளில் கட்டடச் சுமை பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலையிலும் சமூகத்தின் தலையிலும் விழுகிறது. ஆகவே பழைய மாணவர்களின் கை இங்கே மிகவும் தேவை.

அந்தக் கை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை மேலே கண்ட வரலாறு சொல்லுகிறது. பெயர் பொறித்த கல்வெட்டோடு மண்டபம் கட்டித் தருவது கண்ணுக்குத் தெரியும் தொண்டு. கழிவறைப் பராமரிப்பும், மாலை வகுப்பு ஆசிரியரின் ஊதியமும், தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையின் பேருந்துக் கட்டணமும் கண்ணுக்குத் தெரியாத தொண்டுகள். பள்ளிக்கு இவையே ஆண்டுதோறும் வேண்டும். திரட்டும் பணத்தில் ஒரு பகுதியையாவது செலவழிக்காமல் முதலாக வைத்து, அதைக் காக்கப் பொறுப்பாளர்களை நியமித்து, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைப்பது நல்லது. நிதி ஒருவர் பெயரில் இருந்தால் அவரோடு போய்விடும். சங்கத்தின் பெயரில் முறையாக இருந்தால் தலைமுறை தாண்டி நிற்கும்.

கடைசியாக ஒன்று. தமிழ்ப்பள்ளியில் படித்தவர் அதே பள்ளிக்கு ஆயிரம் வெள்ளி கொடுக்கலாம். தம் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ முதலாம் ஆண்டில் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யலாம். இரண்டில் எது பள்ளிக்கு அதிக ஆயுளைத் தரும் என்பதை 1982ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மூடப்பட்ட கதவு நமக்குச் சொல்லிவிட்டது.