நாவுல வழியும் கட்டுச்சோறும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்திருப்பது நாவுல என்னும் சிற்றூர். மலைநாட்டின் ஈரக்காற்று நின்று வடக்கின் வறண்ட நிலம் தொடங்கும் எல்லை அது. தெற்கே சில கல் தொலைவில் நாலந்தா உளது. பல்லவர் கட்டடக்கலையின் சாயலைத் தெளிவாகக் காட்டும் அங்குள்ள கருங்கற் கோயிலாகிய கெடிகேயை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். போவதென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது 1975ஆம் ஆண்டில் அது கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, 1980ஆம் ஆண்டளவில் உயர்ந்த இடத்தில் மீண்டும் நிறுவப்பெற்றது. அதே தெருவழியே 19ஆம் நூற்றாண்டில் நடந்து சென்ற பல்லாயிரம் தமிழ்மக்களைப் பற்றியோ அவர்கள் தோளில் தொங்கிய சோற்றுமூட்டையைப் பற்றியோ ஆராய்ந்தவர் மிகச் சிலரே. கல் நின்றது; சோறு அன்றே உண்டு தீர்ந்தது. வரலாற்றாசிரியர் கல்லின் பக்கம் சாய்ந்ததற்கு அதுவே காரணமாகலாம்.

வழிப்பயணத்துக்கு உணவு கட்டிச் செல்லும் வழக்கம் தமிழர்க்கு மிகப் பழையது. அதனைக் குறிக்கும் சொற்களின் பெருக்கமே அதற்குச் சான்று. நாலடியார் ‘தோட்கோப்பு’ என்னும். பழமொழி நானூறு ‘ஆற்றுணா’ என்னும். பிற்கால வழக்கில் பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு, கட்டுச்சாதம் என்பன வந்தன. தோளிற் கோத்துச் செல்வது தோட்கோப்பு. ஆற்றில், அதாவது வழியில், உண்பது ஆற்றுணா. ஒரு சொல் சுமக்கும் முறையையும் மற்றது உண்ணும் இடத்தையும் சுட்டுகின்றது. இவ்விரண்டு சொற்களும் அறம் உரைக்கும் நூல்களில் வருதல் கருதத்தக்கது. மறுமைக்கு வேண்டிய அறத்தை முற்கூட்டியே செய்துகொள்க என்று சொல்ல வந்த நாலடிப் புலவர்க்கு, விடியுமுன் எழுந்து சோறு கட்டும் இல்லத்துக் காட்சியே உவமையாகக் கிடைத்தது.

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் இறைவனே பொதிசோறு சுமந்து வருகின்றான். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் வேட்கையாலும் தளர்ந்த திருநாவுக்கரசர்க்குச் சோலையும் குளமும் உண்டாக்கி, அந்தணர் வடிவிற் பொதிசோற்றுடன் காத்திருந்தான் என்பது வரலாறு. திருக்குருகாவூருக்குச் சென்ற சுந்தரர்க்கும் அவர் அடியார் கூட்டத்துக்கும் பந்தர் அமைத்துத் தண்ணீரும் பொதிசோறும் அளித்தான். இரண்டிடத்தும் உணவளித்தவன் உண்டவரிடம் எதனையும் பெற்றிலன். பின்னர் மறைந்தும் போனான். இந்நிகழ்ச்சிகளை ஈண்டு எடுத்துக் கூறியதன் காரணம் பின்னர் விளங்கும்.

கட்டுச்சோறு சமைப்பது ஒரு தனிக்கலை. அன்றாடச் சோற்றையும் குழம்பையும் அப்படியே மூட்டை கட்டினால் நண்பகலுக்குள் ஊசிப்போகும். ஆகவே நீர் குறைந்ததும், புளிப்பும் உப்பும் மிகுந்ததும், எண்ணெய் தோய்ந்ததுமாகிய உணவையே பழந்தாய்மார் தெரிந்தெடுத்தனர். சோற்றை உதிரியாக வடித்து ஆறவிட்டு, நல்லெண்ணெயிற் காய்ச்சிய புளிக்காய்ச்சலைப் பிசைந்து கட்டினால் அஃது இரண்டு நாள் வரையும் தாங்கும். புளியின் காடித்தன்மை கெடுக்கும் நுண்ணுயிர்களை வளரவிடாது; நீரின்மையும் அதற்குத் துணைசெய்யும். அறிவியல் காரணம் கூறுமுன்பே அனுபவம் முறையைக் கண்டுவிட்டது. புளிச்சோற்றுடன் எலுமிச்சைச் சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எனப் பலவகை செய்வது சுவைக்காக மட்டுமன்று. தேங்காய்ச்சோறு முதலிற் கெடுமாதலால் அதனை முதல்வேளை உண்டுவிடுவர். புளிச்சோறு கடைசிவரை காத்திருக்கும். ஒரு மூட்டைக்குள் இவ்வாறு ஒரு காலக்கணக்கு அடங்கியிருந்தது. கொங்குநாட்டில் முதற் பிள்ளைப்பேற்றுக்காக மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லுமுன் நிகழும் சடங்குக்கே கட்டுச்சோறு என்பது பெயர்.

ஈழத்தில் தேங்காய்ப்பால் சேர்ந்த கறிகளே பெருவழக்காதலின் வழியுணவு வேறொரு பாதையில் வளர்ந்தது. தேங்காய்ப்பாற் கறி வெயிலைத் தாங்காது. ஆகவே வறுத்து இடித்த இடிசம்பல், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், ஊறுகாய் என்பன சோற்றுக்குத் துணையாயின. யாழ்ப்பாணத்தார் புழுக்கொடியலையும் பனங்கட்டியையும் உடன்கொண்டனர். சோற்றைக் கட்டும் இலையை இளஞ்சூட்டில் வாட்டிய பின்னரே மடிப்பர். வாட்டாத வாழையிலை மடிப்பிற் கிழியும். அவ்வாறு வாட்டிய இலையில் சூட்டோடு கட்டிய சோறு ஒரு தனி மணம் பெறுவதை உண்டவர் அறிவர். மாத்தளைப் பகுதியிற் கமுகம் மட்டையும் இப்பணிக்கு உதவியது.

நாவுலக்கு மேற்கே அமைந்த வேறொரு காட்டுவழியில், வழியுணவு பற்றிய அரிய குறிப்பொன்றை விட்டுச் சென்றவர் ஆங்கிலேயரான றொபேட் நொக்சு. 1660ஆம் ஆண்டிற் கண்டியரசனாற் சிறைப்பிடிக்கப்பட்ட அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1679ஆம் ஆண்டில் ஒரு தோழருடன் தப்பி, அநுராதபுரக் காடுகளைக் கடந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். புறப்படுமுன் சேர்த்த பொருள்களை 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் வரிசைப்படுத்தியுள்ளார்: பத்து நாளுக்கு வேண்டிய அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, சமைக்க ஒரு பாத்திரம், நீர்மொள்ள இரண்டு சுரைக்குடுக்கை, மழைக்குக் கூடாரமாகத் தாளிப்பனை ஓலை இரண்டு. வீட்டிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியையும் பலகாரத்தையும், வெற்றிலை புகையிலையையும் சேர்த்துக்கொள்ள அவர் மறக்கவில்லை. விடுதலையை நோக்கி நடந்த ஒருவர், தம் உணவைத் தாமே கணக்கிட்டுக் கட்டிய மூட்டை அது.

நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்து அதே அரிப்புக் கரையிலிருந்து எதிர்த்திசையில் மக்கள் நடக்கத் தொடங்கினர். 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, 1830களின் பின் மலைநாடெங்கும் பரவிற்று. கோப்பிப்பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து வறுமையாலும் பஞ்சத்தாலும் உந்தப்பட்ட மக்கள் கங்காணிகளின் பின்னே வந்தனர். தொண்டி, அம்மாப்பட்டினம், பாம்பன் முதலிய துறைகளிலே தோணி ஏறித் தலைமன்னார், வங்காலை, அரிப்புக் கரைகளில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாவுல, நாலந்தா வழியாக மாத்தளையை அடைவதே அவர்தம் பாதை. வடபாதை என அது வழங்கிற்று.

அவர்கள் உண்டது யாது? மன்னாரிலிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட நடை. பெண்களும் குழந்தைகளும் உடன்வர நாளொன்றுக்குப் பன்னிரண்டு மைல் என்று கொண்டாலும், ஈழமண்ணில் மட்டும் பத்து நாளுக்குக் குறையாது. அதற்குமுன் சொந்த ஊரிலிருந்து கடற்கரைக்கு நடந்த நாள்களும், தோணிக்குக் காத்திருந்த நாள்களும், கடலிற் கழிந்த நேரமும் உள. புளிச்சோறு தாங்குவதோ இரண்டு நாள். ஆகவே ஊரில் தாயோ மனைவியோ கட்டிக்கொடுத்த சோறு தொண்டிக் கரையைக் காண்பதற்குள்ளேயே தீர்ந்திருக்கும் என்பது எளிய கணக்கு. நாவுலக் காட்டைக் கடந்தவர் மடியில் வீட்டுச்சோறு ஒரு பருக்கையும் இருந்திராது. இருந்தது கங்காணி அளந்த அரிசி. இரவில் தங்குமிடத்திற் பொங்கி உண்டு, மிஞ்சியதில் நீரூற்றி வைத்து விடியலிற் பழஞ்சோறாக உண்டு நடப்பதே இயன்ற முறையாகும்.

அவ்வரிசியின் விலையை யார் கொடுத்தார் என்பதே வரலாற்றில் முதன்மையான வினா. தோட்டத்துரை கங்காணிக்கு முற்பணம் தந்தார். கங்காணி அதிலிருந்து தோணிக்கூலியையும் வழியுணவையும் செலவிட்டு, அச்செலவை ஒவ்வொரு தொழிலாளியின் பேரிலும் கடனாக எழுதிக்கொண்டார். மாத்தளையை அடைந்து தோட்டத்துப் பேரேட்டிற் பெயர் பதியுமுன்னரே தொழிலாளி கடனாளியானான். வழியில் உண்ட சோறே அவன் கழுத்திற் கட்டிய முதற் கயிறு. கடனைத் தீர்க்கும்வரை வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. போவதாயின் கடன்தொகை குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தியே அவனைப் பெறும். துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இது நீடித்தது. திருப்பைஞ்ஞீலி வழியிற் கிடைத்த பொதிசோற்றுக்கும் நாவுல வழியில் அளக்கப்பட்ட அரிசிக்கும் இடைப்பட்ட வேறுபாடு இங்கே விளங்கும்.

வழியில் வாந்திபேதியும் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் மக்களை வாரிக்கொண்டன. மாண்டவர் தொகை குறித்து அக்காலப் பத்திரிகைகளும் அரசாங்கத்தாரும் முரண்பட்டுரைத்தனர். மாண்டவர் மிகப்பலர் என்பதில் ஐயமில்லை. அரைவயிற்று உணவும் அழுக்குநீரும் கூடினால் நோய்க்கு வேறு தூதுவன் வேண்டா. சேர் ஹென்றி வார்ட் ஆளுநராக இருந்த 1855 முதல் 1860 வரையான காலப்பகுதியிலேயே வழியில் தங்குகொட்டில், கிணறு, மருத்துவ வசதி என்பன பற்றிய முயற்சிகள் வலுப்பெற்றன. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தது. 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது. நூற்றாண்டின் இறுதியில் வடபாதை கைவிடப்பட்டது. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவை தொடங்கியபின் மண்டபம் முகாம் வழியாக வந்தவர்க்கு நாவுல என்னும் பெயரே தெரியாது போயிற்று.

தோட்டத்திலும் சோற்றுக் கணக்குத் தொடர்ந்தது. மாதந்தோறும் அளந்து கொடுத்த அரிசியின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. மலையிற் கொழுந்து பறிக்கும் பெண் நேரங்காலத்தோடு எழுந்து சமைத்து, பிள்ளைக்கும் கணவனுக்கும் பங்கிட்டு, எஞ்சியதைத் துணியில் முடிந்துகொண்டு மலையேறினாள். பிற்காலத்திற் சோற்றின் இடத்தைக் கோதுமைமா ரொட்டி பெரிதும் பிடித்தது. ரொட்டி ஊசிப்போகாது, சிந்தாது, நின்றபடியே உண்ணலாம்; தேங்காய்ச் சம்பலும் வெறுந்தேநீரும் துணை. வசதியென்று தோன்றும் இம்மாற்றத்தின் பின்னே உண்ண உட்காரவும் நேரமில்லாத ஒரு வேலைமுறை நிற்கின்றது. இதே காலத்தில் பம்பாயில் அலுவலர்க்கு வீட்டுச்சாப்பாட்டை அடுக்குப்பாத்திரத்திற் கொண்டுசேர்க்கும் அமைப்பு 1890ஆம் ஆண்டளவில் தோன்றி வளர்ந்தமை ஒப்புநோக்கற்பாலது. அங்கே சோறு வேலை செய்வானைத் தேடிச் சென்றது.

பள்ளிப்பிள்ளையின் சோற்றுப்பொதி இவ்வரலாற்றின் அடுத்த அதிகாரம். வீட்டிற் கட்டிக்கொடுக்க ஏதுமில்லாத பிள்ளை பள்ளிக்கும் வாராது என்பதை உணர்ந்து, சென்னை மாநகராட்சி 1920ஆம் ஆண்டில், சேர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கிற்று. காமராசர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டில் அது தமிழ்நாடெங்கும் விரிந்தது; 1982ஆம் ஆண்டிற் சத்துணவாகவும், 2022ஆம் ஆண்டிற் காலையுணவாகவும் மேலும் வளர்ந்தது. ஈழத்திலோ எதிர்மாறான ஒரு நிகழ்ச்சி பெரும் புயலை எழுப்பிற்று. 1953ஆம் ஆண்டில் அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதோடு, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடளாவிய ஹர்த்தால் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபர் மாதம் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசியும் ஒரு பிள்ளையின் நண்பகல் உணவும் ஓர் அரசாங்கத்தை அசைத்தன. எனினும் 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களிலே பட்டினிச்சாவுகள் நேர்ந்தபோது அத்தகைய புயல் எழவில்லை. மலையகத் தமிழருட் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்திருந்தமையை இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

நாவுலயைச் சூழ்ந்த சிங்களச் சிற்றூர்களில் வயலுக்கு உணவு கொண்டுசெல்லும் வழக்கம் வேறோர் அழகுடையது. உழவர்க்கு வீட்டுப்பெண்டிர் கொண்டுசெல்லும் உணவை ‘அம்புல’ என்பர். சேனைப்பயிராகிய குரக்கனும், கீரைச் சுண்டலும், வயலரிசிச் சோறும் இலையிற் பொதிந்து கூடையில் ஏறும். வரம்பில் எல்லாரும் ஒருங்கிருந்து உண்பர். சோற்றின் நடுவே பருப்பும், பக்கத்தே ஒரு மரக்கறியும் ஒரு வறையும் சம்பலும் வைத்து மடித்த இலைப்பொதியைச் சிங்களர் பத்முல என்பர். தமிழர் சோற்றுப்பார்சல் என்பர். பெயர் இரண்டாயினும் மடிப்பு ஒன்றே. பிற்காலத்தில் வாழையிலையின் இடத்தை மெல்லிய பொலித்தீன் தாள் கவர்ந்தது. சூடான சோற்றை அதிற் பொதிதல் கேடு எனப்பட்டு, 2017ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் அத்தாள் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அதன் புழக்கம் உடனே ஒழிந்திலது.

இலங்கைப் பாடசாலைகள் காலை ஏழரைக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒன்றரைக்கு முடிவனவாதலால், பிள்ளையின் பொதி உண்மையில் முற்பகல் இடைவேளையிலேயே அவிழ்கின்றது. அப்பொழுதுவரை தாங்கும் உணவை அமைப்பது ஒவ்வொரு தாயின் நாள்தோறும் எழும் சிறு கணக்கு. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு நெல்விளைவு வீழ்ந்து, மறுவருடம் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் விலையேறியபோது அக்கணக்குப் பல இல்லங்களிற் பிழைத்தது. மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பள்ளிகளில் இன்று பொதி அவிழ்க்கும் பிள்ளைகளிற் பலர், வடபாதையில் நடந்து வந்தோரின் ஐந்தாம் ஆறாம் தலைமுறையினர். அவர்தம் முன்னோரைக் கடனாளியாக்கிய அரிசி அளக்கப்பட்ட தங்குகொட்டில்கள் நாவுலத் தெருவோரத்தில் இப்பொழுது இல்லை.