பாசறை மண்ணில் கிடைத்த ஈயக்குண்டுகள்



வரலாறு என்றதும் அரசர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், பெயர் பதிவாகாத சிப்பாய்களின் வாழ்க்கையை மண்ணில் புதைந்த ஈயத்துண்டுகள் சில வேளைகளில் ஏடுகளைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் பாசறை நிலங்கள் இதற்குச் சான்று.

ஈயம் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்வதில்லை. நெடுங்காலம் மண்ணில் கிடந்த ஈயத்தின்மேல் வெண்சாம்பல் நிறப் படலம் படிகிறது. அப்படலமும் அளவுக்கு மிஞ்சிய கனமும் முதல் அடையாளங்கள்.

அடுத்துக் காண வேண்டியது வடிவம். உருண்டையாக இருப்பின் பழைய வகைத் துப்பாக்கிக்குரியது. கூம்பு வடிவமும், அடியில் குழியும், பக்கத்தில் மூன்று வரிப்பள்ளங்களும் இருப்பின், பிரெஞ்சு அதிகாரி மினியே வகுத்த முறையைப் பின்பற்றி அமெரிக்காவில் வார்க்கப்பட்ட குண்டு. வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான கூம்பு பெரும்பாலும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது. இரு தரப்பினரும் இத்துப்பாக்கியை இலட்சக்கணக்கில் வாங்கினர். 1857இல் நம் நாட்டுச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்ததும் இதே 1853ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியின் தோட்டாதான். அதன் உறையில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டுள்ளதென்ற செய்தி முஸ்லிம், இந்துச் சிப்பாய்கள் இருவரையும் புண்படுத்தியது.

சுடப்பட்ட குண்டில் துப்பாக்கிக் குழலின் சுருள்வரித் தடம் பதிந்திருக்கும், சிதைவும் இருக்கும். தவறி விழுந்த குண்டு வார்த்த வடிவிலேயே இருக்கும். முனையில் திருகு துளைத்த குழி இருப்பின், சுடாமலே குழலிலிருந்து வெளியே இழுக்கப்பட்டது என அறியலாம். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுவதால், சிப்பாய்கள் பாசறை நெருப்பிலேயே அதை உருக்கினர். கத்தியால் செதுக்கிச் சதுரங்கக் காய்களும் தூண்டில் எடைகளும் செய்தனர். மாதக்கணக்கில் குளிரில் காத்திருந்த இளைஞர்களின் சலிப்பையும் வீட்டு நினைவையும் அவற்றில் காண்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பல்தடம் பதிந்த குண்டுகளும் கிடைக்கின்றன. மயக்க மருந்தின்றி அறுவை சிகிச்சை நடந்தபோது வலி தாங்காமல் சிப்பாய் கடித்த குண்டு என்று சொல்லி அவற்றை விற்போர் உண்டு. கேட்போர் நெஞ்சம் உருகும் கதை இது. ஆயினும் ஈதரும் குளோரோஃபார்மும் அப்போரில் பரவலாகப் பயன்பட்டன. பல்தடங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்களோ, அவற்றுள் பலவற்றை இரை தேடி மண்ணைக் கிளறிய பன்றிகளே மென்றிருக்கின்றன எனக் கண்டனர். உருக்கமான கதை என்பதற்காகவே ஒன்று உண்மையாகிவிடாது.

பொருளைவிட அது கிடந்த இடம் பெரிய சாட்சி. சுடப்படாத குண்டுகள் குவிந்திருந்தால் அங்குப் பாசறை இருந்திருக்கலாம். சுடப்பட்டவை சிதறியிருந்தால் சண்டையோ பயிற்சியோ நடந்திருக்கலாம். இடத்தைக் குறிக்காமல் தோண்டி எடுத்தவர் அச்சாட்சியின் வாயை அடைத்துவிடுகிறார். தேசியப் பூங்காக்களாகக் காக்கப்படும் போர்க்களங்களில் இவ்வாறு எடுப்பது அந்நாட்டில் குற்றமாகும்.

ஈயம் நஞ்சு என்பதால், தொட்டபின் கை கழுவுவது கட்டாயம், குழந்தைகளிடம் கொடுக்கலாகாது.

நம் வீட்டுப் பரணிலும் முன்னோரின் பழம்பொருள்கள் இருக்கலாம். அவற்றுக்குக் கதை சூட்டும் முன், அவை தாமே சொல்வது என்னவென்று பொறுமையாகக் கேட்கப் பழகுவோம். நம் பிள்ளைகளையும் பழக்குவோம்.