கணுக்கால் சுளுக்கு

கணுக்கால் சுளுக்கு என்பது கணுக்கால் மூட்டின் எலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் தசைநார்கள் அளவுக்கு மீறி இழுபடுவதாலோ கிழிவதாலோ ஏற்படும் காயம் ஆகும். பேச்சு வழக்கில் கால் பிசகுதல், கால் பிரளுதல் என்றும் இதனைக் கூறுவர். கைப்பந்து, கூடைப்பந்து, கால்பந்து, கபடி போன்ற ஆட்டங்களில் இது மிகுதியாக ஏற்படினும், படி இறங்கும்போதோ மேடுபள்ளமான தெருவில் நடக்கும்போதோ எவருக்கும் நேரலாம். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் சுளுக்கும் வாய்ப்பு அதிகம். முறையான பயிற்சி அவ்வாய்ப்பைக் குறைக்கிறது.

தமிழில் கழுத்து, இடுப்பு முதலியவற்றில் தசை இறுகி வலிப்பதையும் சுளுக்கு என்றே சொல்கிறோம். அவை தசை தொடர்பானவை. இக்கட்டுரையில் கூறப்படும் தசைநார்க் காயத்திலிருந்து வேறுபட்டவை.

மூட்டின் அமைப்பு

கீழ்க்காலின் டிபியா, ஃபிபுலா ஆகிய இரு எலும்புகளும் ஒரு கவ்வி போல அமைந்து, பாதத்தின் மேற்பகுதியிலுள்ள தாலஸ் எலும்பைப் பற்றியுள்ளன. கணுக்காலின் இருபுறமும் கையால் தொட்டு உணரக்கூடிய புடைப்புகள் இக்கவ்வியின் இரு முனைகளே. வெளிப்புறப் புடைப்பு உட்புறப் புடைப்பைவிடக் கீழே இறங்கியிருப்பதால் பாதம் வெளிநோக்கி மடங்குவதை அது தடுக்கிறது. உள்நோக்கி மடங்குவதற்கு அத்தகைய தடை குறைவு. மேலும் தாலஸ் எலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் உள்ளது. விரல்நுனியில் நிற்கும்போதும் படியிறங்கும்போதும் குறுகிய பகுதியே கவ்விக்குள் வருவதால் மூட்டு தளர்வாக இருக்கும். துள்ளிக் குதித்து இறங்குபவரின் கால் மடங்குவது பெரும்பாலும் இந்நிலையில்தான்.

வெளிப்புறத்தில் மூன்று தசைநார்கள் உள்ளன. அவற்றுள் ஃபிபுலாவையும் தாலஸையும் முன்புறமாக இணைக்கும் தசைநாரே வலுக்குறைந்தது. பெரும்பாலான சுளுக்குகளில் முதலில் காயமடைவதும் இதுவே. உட்புறத் தசைநார் வலுமிக்கது. டிபியாவையும் ஃபிபுலாவையும் பிணைக்கும் தசைநார்கள் காயமடைந்தால் அது மேல்நிலைக் கணுக்கால் சுளுக்கு எனப்படும். பாதம் வெளிப்புறமாகத் திருகப்படும்போது ஏற்படும் இவ்வகை அரிதானது எனினும் ஆறுவதற்கு நீண்ட காலம் எடுக்கும்.

காயத்தின் அளவைப் பொறுத்துச் சுளுக்கு மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகிறது. தசைநார் இழுபட்டு நுண்ணிய கிழிவுகள் மட்டும் ஏற்படுவது முதல் தரம். பகுதியாகக் கிழிவது இரண்டாம் தரம். முழுமையாக அறுந்துபோவது மூன்றாம் தரம்.

எலும்பு முறிவா என அறிதல்

வீக்கமும் கன்றிப்போதலும் சுளுக்கிலும் உண்டு, முறிவிலும் உண்டு. கால் விரல்களை அசைக்க முடிந்தால் எலும்பு முறியவில்லை என்ற பரவலான நம்பிக்கை தவறானது. விரல்களை அசைக்கும் தசைகள் கீழ்க்காலிலும் பாதத்திலும் உள்ளன. கணுக்கால் எலும்பு முறிந்தவரும் விரல்களை அசைக்கக்கூடும்.

கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1992 இல் வெளியிட்ட ஒட்டாவா கணுக்கால் விதிகள் இதற்கு உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்கால் பகுதியில் வலியிருந்து, பின்வருவனவற்றுள் ஒன்றேனும் இருந்தால் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கவேண்டும்: வெளிப்புறப் புடைப்பின் நுனியிலோ அதன் பின்விளிம்பின் கடைசி 6 செ.மீ. நீளத்திலோ எலும்பை அழுத்தும்போது வலி. உட்புறப் புடைப்பில் அதேபோன்ற வலி. காயம்பட்ட உடனும் மருத்துவரிடம் காட்டும்போதும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாமை. நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கொள்ளப்படும். நடுப்பாதத்தில் வலியிருந்தால், சுண்டுவிரலுக்குச் செல்லும் நீள எலும்பின் அடிப்பகுதியும், பாதத்தின் உள்வளைவின் மேலுள்ள படகெலும்பும் இவ்வாறே அழுத்திப் பார்க்கப்படும்.

இவ்விதிகள் முறிவைத் தவறவிடுவது மிக அரிது. ஆயினும் நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கும், மது அருந்தியிருப்பவர்களுக்கும் இவற்றை நம்பக்கூடாது. வலி தெரியாததே அவர்களிடம் சிக்கல். நீரிழிவு பரவலாக உள்ள நம் சூழலில் இதனை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது.

மரபுவழிச் சிகிச்சைகள்

தமிழகத்தில் எண்ணெய் தடவி நீவுதலும், புளியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிப் பற்றுப் போடுதலும் பரவலாக உள்ளன. வெதுவெதுப்பான பற்றினால் வலி சற்று அடங்கலாம். அதில் பெரிய தீங்கில்லை. முதல் ஓரிரு நாட்களில் வலுவாக நீவுவதும், "சொடக்கு" எடுப்பதாகப் பாதத்தை இழுத்துத் திருகுவதும் வேறு. அப்போதுதான் கிழிந்த தசைநாரை மீண்டும் அதே திசையில் இழுப்பது எவ்வகையிலும் உதவாது. முறிவு இருந்தால் எலும்பு விலகிவிடும். படம் எடுத்துப் பார்க்காமல் இறுக்கிக் கட்டுவதும் ஆபத்தானது. கட்டிய பின் விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ கட்டை உடனே அவிழ்க்கவேண்டும்.

முதலுதவியும் மாறிவந்த கருத்துகளும்

அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978 இல் வெளியான தமது நூலில் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, காலை உயர்த்திவைத்தல் ஆகிய நான்கையும் பரிந்துரைத்தார். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'ரைஸ்' என்ற பெயர் உருவானது. முதலுதவிக் கையேடுகள் பலவும் இதனையே திரும்பக் கூறிவந்தன. பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2010களில் மிர்கினே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அழற்சி என்பது உடல் காயத்தைச் சீராக்கும் பணியின் ஒரு பகுதி என்பதே இதன் அடிப்படை. 2012 இல் முன்வைக்கப்பட்ட 'பொலிஸ்' என்னும் முறை ஓய்வின் இடத்தில் காப்பையும் அளவான பளுவையும் வைத்தது.

ஓய்வே தேவையில்லை என்று இதனைப் புரிந்துகொள்ளக் கூடாது. 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் இரு தரச் சுளுக்குகளில் முதல் வாரத்திலேயே பயிற்சி தொடங்கியவர்கள் விரைவாக நடமாடினர். மாறாக, கடுமையான சுளுக்குற்ற 584 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வில், பத்து நாட்கள் முழங்காலுக்குக் கீழ் மாவுக்கட்டுப் போடப்பட்டவர்கள் வெறும் குழாய்த் துணிக்கட்டு அணிந்தவர்களைவிட மூன்று மாத முடிவில் நல்ல நிலையில் இருந்தனர். ஒன்பது மாதங்களில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. காயத்தின் தரம் அறியாமல் அறிவுரை கூறுவதன் குறை இதிலிருந்து தெரியும்.

நடைமுறையில், முதல் இரண்டு மூன்று நாட்கள் வலியைக் கூட்டும் செயல்களைத் தவிர்த்து, நெகிழ்துணிக் கட்டுக் கட்டி, படுக்கும்போது காலை நெஞ்சின் மட்டத்திற்கு மேல் தலையணையில் வைத்துக்கொள்வது வீக்கத்தைக் குறைக்கும். வலிக்காகப் பனிக்கட்டி வைப்பதாயின் துணியில் சுற்றி 10 முதல் 20 நிமிடம் வரை வைக்கலாம். தோலில் நேரடியாக வைக்கக்கூடாது.

மீட்புப் பயிற்சிகள்

வலி பொறுக்கும் அளவுக்குக் குறைந்தவுடன் அசைவுப் பயிற்சி தொடங்கும். நாற்காலியில் அமர்ந்து, பெருவிரலைப் பேனா முனையாகக் கொண்டு காற்றில் எழுத்துகளை எழுதுவது பரவலாகச் சொல்லித்தரப்படும் பயிற்சி. ஆங்கில எழுத்துகளை விட நம் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இதற்கு மிகப் பொருத்தம் எனலாம். இ, ஐ, ஔ ஆகியவற்றின் சுழிகள் மூட்டை எல்லாத் திசைகளிலும் திருப்பிவிடும். கெண்டைக்கால் இறுகாதிருக்க, காலை நீட்டி அமர்ந்து துண்டால் பாதத்தைத் தன்பக்கம் இழுத்து அரை நிமிடம் பிடிக்கலாம்.

அடுத்து வலிமை. நெகிழ்பட்டையைப் பாதத்தில் மாட்டி நான்கு திசைகளிலும் தள்ளுதல், சுவரைப் பிடித்தபடி இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குதல், பின்னர் காயம்பட்ட காலால் மட்டும் அதையே செய்தல் என்பது வழக்கமான ஏற்றமுறை. செய்து முடித்த மறுநாள் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள்.

பலரும் விட்டுவிடுவது சமநிலைப் பயிற்சியை. தசைநாரிலுள்ள உணர்விகள் மூட்டின் நிலையை மூளைக்குத் தெரிவிக்கின்றன. இது மின்பொறியியலில் பின்னூட்டச் சுற்று போன்றது. தசைநார் ஆறினாலும் பின்னூட்டம் தாமதமாக வந்தால், கால் மடங்கத் தொடங்கியபின் தசைகள் இறுகுவதில் பயனில்லை. சுளுக்கியபின் கால் "நழுவுவது போல்" தோன்றும் நிலையை 1965 இல் ஆராய்ந்த பிரித்தானிய எலும்பு மருத்துவர் ஃப்ரீமன், சமநிலைப் பயிற்சியை அதற்கு மருந்தாக முன்வைத்தார். 2009 இல் நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வில், வீட்டிலேயே எட்டு வாரம் இப்பயிற்சி செய்தவர்களுள் 22 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களுள் 33 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் மறுசுளுக்கு ஏற்பட்டது.

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒற்றைக்காலில் 30 நொடி நிற்பதில் தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டும் பின் தலையணை மீதும் நிற்கலாம். பல் துலக்கும் நேரத்தில் செய்தால் தனியே நேரம் ஒதுக்கவும் வேண்டியதில்லை. முதியவர்கள் கைப்பிடிக்கு எட்டும் தொலைவில் நிற்பது நலம்.

உடல் எடை

சில வாரங்கள் நடக்க இயலாதவர் பழைய அளவிலேயே உண்டால் எடை கூடும். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடக்கச் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 250 கிலோகலோரி; இது நான்கைந்து இட்லிகளுக்கு ஈடு. எனவே இக்காலத்தில் எடையைக் காப்பது பெரிதும் தட்டில்தான் உள்ளது. எனினும் புரதத்தைக் குறைப்பது சரியன்று. திசு ஆறுவதற்குப் பருப்பு, முட்டை, பால், மீன் போன்றவை தேவை. வலியின்றிச் செய்ய இயன்றால் நிலைமிதிவண்டியும் நீச்சலும் நடைக்கு மாற்றாகும். எடை குறைக்கும் ஆர்வத்தில் கயிறு தாண்டுதலையும் ஓட்டத்தையும் முன்கூட்டியே தொடங்குவது மறுசுளுக்குக்கு வழிவகுக்கும்.

விளையாட்டுக்குத் திரும்புதல்

நாட்கணக்கைவிடத் திறன்கணக்கே நம்பத்தக்கது. வலியின்றி வேகமாக நடத்தல், காயம்பட்ட காலில் மற்றக் காலைப் போலவே குதித்தல், எட்டு வடிவில் ஓடித் திரும்புதல் ஆகியவை இயன்ற பின்னரே ஆட்டத்திற்குத் திரும்பலாம். முதல் சில மாதங்கள் விளையாடும்போது கணுக்கால் உறையோ ஒட்டுப்பட்டையோ அணிவது மறுசுளுக்கைக் குறைக்கிறது.

சில மாதங்கள் பயிற்சி செய்தும் கால் அடிக்கடி மடங்குபவர்களுக்கே அறுவைச் சிகிச்சை கருதப்படுகிறது. சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் புரோஸ்ட்ரம் 1966 இல் விவரித்த, கிழிந்த தசைநாரையே சுருக்கித் தைக்கும் முறை திருத்தங்களுடன் இன்றும் கையாளப்படுகிறது. அறுவைக்குப் பின்னும் மேற்கூறிய பயிற்சிகளை முதலிலிருந்து செய்யவேண்டும்.