ஏரிமுறையும் கணினிமுறையும்

பங்கீடு தமிழ் நிலத்துக்குப் புதிய சிக்கல் அன்று. பொருள் குறைவு, கேட்போர் பலர், கேட்பதும் ஒரே நேரத்தில். யாருக்கு முதலில், எவ்வளவு, எதுவரை? பல்லாயிரம் கணினிகளைப் பிணைத்து இயக்கும் பொறியாளர்கள் இன்று கேட்கும் கேள்வி இதுவே. செஞ்சியை அடுத்த வல்லம் போன்ற ஏரிப்பாசன வட்டாரங்கள் தலைமுறை தலைமுறையாக இதற்கு விடை தேடி வந்துள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வரலாற்றின் ஒரு முரண் புலப்படுகிறது.

இவ்வட்டாரத்தில் வற்றாத ஆறு இல்லை. சங்கராபரணியும் மழைக்காலத்து ஆறுதான். எனவே வடகிழக்குப் பருவமழையைத் தேக்கிவைத்துச் சிறுகச் சிறுகச் செலவிட ஏரிகள் தேவைப்பட்டன. மேலேரி நிரம்பினால் மிகுநீர் கலிங்கல் வழியாகக் கீழேரிக்குச் செல்லும். தேங்கிய நீரை மதகு திறந்து, வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துப் பாய்ச்சுவதற்கு ஓர் ஆள் உண்டு. நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி எனத் தமிழகத்தில் அவருக்குப் பல பெயர்கள். கூலி பெரும்பாலும் நெல்லாக அளக்கப்பட்டது. எந்த வயல் காய்கிறது, எந்த வயல் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். பல ஊர்களில் அவர் ஆயக்கட்டில் நிலமில்லாத தலித். தமக்கென வயல் இல்லாததால் அவர் நடுநிலையில் நிற்க முடிந்தது என்பர். ஊரின் நியாயம் ஒருவரின் நிலமின்மையின் மீது நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முறை வைப்பவரை யார் கண்காணிப்பது? முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (பொ.ஆ. 921) இதற்கு ஒரு விடை தருகிறது. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாகத் தேர்ந்தவர்களில் அறுவர் ஏரி வாரியத்தார். பதவிக்காலம் 360 நாள். அண்மையில் வாரியம் செய்தவர் மூன்றாண்டு கழியும்வரை மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் தகுதி இல்லை. பிரமதேய ஊரில், நிலமும் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே உரிய ஏற்பாடு அது. எனினும், பொதுநீரைக் கையாள்பவர் நெடுநாள் ஓரிடத்தில் நிலைக்கக் கூடாது என்ற தெளிவு அதில் உண்டு.

இனிக் கணினிக்கு வருவோம். கூகுள் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, போர்க் என்ற தன் உள்மேலாண்மை அமைப்பை விவரிக்கிறது. ஏறத்தாழ பத்தாயிரம் கணினிகள் கொண்ட ஒரு தொகுதிக்கு வேலைகள் வந்தவண்ணம் இருக்கும். எந்த வேலையை எந்தக் கணினியில் ஏற்றுவது என்பதை ஷெட்யூலர் என்னும் நிரல் முடிவு செய்யும். தேடல் போன்ற உடனடிச் சேவைகளுக்கு முன்னுரிமை. அவை கேட்டுப் பெற்றுப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பங்கு, காத்திருக்கக்கூடிய வேலைகளுக்குத் திருப்பப்படும். மேலேரியின் மிகுநீர் கீழேரிக்குப் போவதும் இப்படித்தான். பெர்க்லியில் உருவாகி 2011இல் கட்டுரையாக வந்த மீசோஸ் அமைப்போ முடிவை இரு படிகளாகப் பிரித்தது: மேலிருப்பது வளத்தை அளிக்கும், அதை உள்ளே எப்படிப் பகிர்வது என்பதைப் பெற்றவரே முடிவு செய்வார். வீடூர் அணையின் நீர் முதலில் தமிழகத்துக்கு ஏறத்தாழ 2,200 ஏக்கர், புதுச்சேரிக்கு 1,000 ஏக்கர் எனப் பிரிந்து, பின்னர் வாய்க்கால்களில் பகிரப்படுவதும் இவ்வகையே.

சூதும் இரண்டிடத்திலும் உண்டு. அதே 2011இல் பெர்க்லி ஆய்வாளர்கள் நியாயமான பங்கீடு குறித்து எழுதிய மற்றொரு கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. ஒரு பெரிய தேடல் நிறுவனம், கணினிகளை முழுமையாகப் பயன்படுத்துவோருக்கே தனிக் கணினிகள் என்று விதித்தது. உடனே பயனர்கள் முடிவில்லாமல் சுழலும் வெற்று நிரல்களைச் செருகிப் பயன்பாட்டைக் கூட்டிக் காட்டினார்களாம்! இரவில் மடையைத் திறந்துவிடும் விவசாயிக்கு இது புரியாத செயலா என்ன? பொய் சொல்பவருக்கு அதனால் ஆதாயம் கிட்டாதபடி விதியை வகுப்பதே அக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று.

முரண் இங்கேதான். கணினியுலகம் தனிக் கணினியிலிருந்து பொதுத் தொகுதிக்கு நகர்ந்தது. ஒவ்வொரு துறையும் தனக்கென இயந்திரம் வாங்கினால் பாதி நேரம் அவை வெறுமனே கிடக்கும். பொதுவில் வைத்து முறை வகுத்தால் குறைந்த செலவில் அனைவருக்கும் எட்டும். நம் வயல்களோ எதிர்த்திசையில் நடந்தன. கிணறும் மின்மோட்டாரும் பெருகின. 1990 முதல் வேளாண்மைக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. சொந்தமாக நீர் இறைக்க முடிந்தவருக்கு ஊர் முறை தேவைப்படவில்லை. முறை தேவைப்படாதபோது நீர்பாய்ச்சிக்கு நெல் அளப்பவரும் குறைந்தனர், வரத்துக்கால்கள் தூர்ந்தன. சாதியடுக்கின் பிடியிலிருந்த அத்தொழில் மறைந்ததில் வருந்த ஏதுமில்லை எனலாம். ஆனால் அதனிடத்தில் நியாயமான வேறொன்றை நாம் அமைக்கவில்லை.

நிலத்தடி நீரும் ஒரு பொது ஏரிதான். அதற்குக் கரை தெரிவதில்லை, மதகும் இல்லை, முறை வைப்பாரும் இல்லை. ஆழமாகத் துளையிடும் வசதி படைத்தவரே அங்கே தலைமடை. மற்றவரெல்லாம் கடைமடை. 2017 முதல் குடிமராமத்து என்ற பழம்பெயரில் தமிழக அரசு ஏரிகளைத் தூர்வாரியது. மண்ணை இயந்திரம் அள்ளிவிடும். முறையை ஊர்தான் மீட்க வேண்டும். இம்முறை நிலமற்றவருக்கும் அதில் குரல் இருக்க வேண்டும்.