கடலூர்ப் பொட்டலம்: ஒரு சிறுதொழிலின் வணிகப்பெயர் உருவான வரலாறு

வணிகக்குறி என்றால் பெயரும் படமும்தான் என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக ஊன்றியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவருக்கும் பிறகு சிவகாசியில் தொழில் பெருகியபோது, ஒரு பெட்டியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது அதன்மேல் ஒட்டிய படம்தான். எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லியே கேட்டு வாங்கினார். 1940-இல் வந்த வணிகக்குறிச் சட்டம் இப்படிப்பட்ட பெயரையும் படத்தையும் பதிவுசெய்து காக்க வழிசெய்தது. ஆனால் ஒரு பொருளைச் சின்ன அளவில் கட்டி விற்கும் யோசனையை யாரும் தனக்கென்று பதிந்துகொள்ள முடியாது. இன்று ஒருவர் செய்தால் நாளை பத்துப் பேர் செய்வார்கள். அப்படி எவரும் நகலெடுக்கக்கூடிய ஒரு யோசனையிலிருந்து நிலையான வணிகப்பெயர் எப்படி எழுந்தது என்பதைக் கடலூரின் ஷாம்பு பாக்கெட்டை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

சின்ன அளவை விளம்பரமாக்கும் வழக்கம் ஷாம்புவுக்கு வெகுகாலம் முந்தையது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். தலைவலிக்கு மஞ்சள் களிம்பு என்பது அன்று புதிய சரக்கு, விலை பத்தணா. தெரியாத களிம்புக்குப் பத்தணா கொடுக்க யார் துணிவார்? இசைக் கச்சேரிகளில் கூடியவர்களுக்கு அவர் களிம்பை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். 1908-இல் அவர் தொடங்கிய ‘ஆந்திர பத்திரிகை’ வழியே அச்சின் வலிமையும் அவர் கைக்கு வந்தது. 1914-இல் பத்திரிகையும் தொழிலும் சென்னைக்கு இடம்பெயர்ந்தன. மயிலாப்பூர் லஸ் பகுதியில் அவர் பெயரில் பூங்கா ஒன்று இன்றும் இருக்கிறது. இங்கே சின்ன அளவு ஒரு தூண்டில் மட்டுமே. விற்பனைக்கு வந்தது முழுப் புட்டிதான்.

அந்தச் சின்ன அளவையே விற்பனைச் சரக்காக்க முயன்றவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். வேளாண்மையோடு மருந்துப் பொருள்களையும் கட்டி விற்றவர். முகப்பவுடர் தகர டப்பாவில் மட்டும் கிடைத்த காலத்தில் அதை 100, 50, 20 கிராம் அளவுகளில் கொண்டுவந்தார். பேதி உப்பை ஐந்து ஐந்து கிராமாகக் கட்டி விற்க வேண்டும் என்றார். திரவத்தையும் பொட்டலத்தில் அடைக்கலாம் என்பது அவருடைய துணிபு. தாம் செய்யும் பொருளைக் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம் என்று மகன் சி.கே. ரங்கநாதன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே பேட்டிகளில் அவர் சொல்லும் இன்னொன்று ஆய்வாளருக்கு அதைவிட முக்கியம்: தந்தைக்குப் புதியன செய்யத் தெரிந்தது, அவற்றைச் சந்தைப்படுத்திப் பணமாக்க வரவில்லை.

தந்தை மறைந்தபின் அண்ணன்மார் ‘வெல்வெட்’ ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்து புகழ்பெற்றனர். கருத்து வேறுபாட்டால் குடும்பத் தொழிலை விட்டு வெளியேறிய ரங்கநாதன் 1983-இல், கையிலிருந்த 15,000 ரூபாயில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். பெயர் தந்தையின் பெயர் எழுத்துகளிலிருந்து எடுத்தது. அவர் சொல்லும் கணக்கில் தொழிற்கூடத்துக்கு மாத வாடகை 300 ரூபாய், இயந்திரத்தின் விலை 3,000 ரூபாய், முதல் மாத விற்பனை 20,000 பாக்கெட். பெரிய தொடக்கமல்ல. அதே ஊர், அதே தந்தையிடமிருந்து வந்த அதே யோசனை, கடையில் ஏற்கெனவே தொங்கும் அண்ணன்மாரின் சரக்கு. பாக்கெட் என்ற ஒன்றை வைத்து மட்டும் இவர் வென்றிருக்க வழியில்லை.

உண்மையான போட்டி இன்னொரு ஷாம்புவோடு இருக்கவில்லை என்பது என் கருத்து. அன்றைய தென்னகச் சிற்றூர்களில் தலைக்குச் சீயக்காயும் அரப்பும்தான்; அவசரத்துக்குக் குளிக்கும் சோப்பே தலைக்கும் போகும். ஷாம்பு பட்டணத்துப் பணக்காரர் பொருள். ஆகவே முதல் வேலை பொருளைக் கையில் தொட்டுப் பார்க்க வைப்பதாயிற்று. விற்பனைக் குழுவினர் ஊர் ஊராகப் போய், கூடியவர்கள் நடுவே ஒரு சிறுவனுக்குத் தலை அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைத் திரையிட ஏற்பாடு செய்து, இடையே விளம்பரம் காட்டி, கூட்டத்தில் பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். கச்சேரியில் களிம்பு கொடுத்த முறையேதான். கச்சேரி இருந்த இடத்தில் சினிமா. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாகேஸ்வர ராவிடம் இலவசமாகப் பெற்றவர் அடுத்து முழுப் புட்டிக்குக் காசு தேட வேண்டும். சிக்கைப் பெற்றவர் அடுத்த முறை வாங்குவதும் அதே அளவுதான். தினக்கூலிக்காரர் வீட்டில் இந்த வேறுபாடு பெரிது.

அடுத்து வந்த திட்டம்தான் இந்த வரலாற்றில் நுட்பமானது. எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் இலவசம். மேலோட்டமாகப் பார்த்தால் இது தள்ளுபடி. உண்மையில் ஷாம்பு பழகிவிட்டவரைத் தேர்ந்து பிடிக்கும் வழி: ஐந்து காலிப் பாக்கெட் வைத்திருப்பவருக்கு ஷாம்புவை அறிமுகப்படுத்த வேண்டிய தேவையில்லை. பழக்கப்படுத்தும் செலவைப் போட்டியாளர் ஏற்றிருந்தார். அதன் பலனை இவர் அறுவடை செய்தார். சில காலம் கழித்து விதி மாறியது: சிக் பாக்கெட்டுகள் ஐந்தைக் கொடுத்தால் மட்டுமே இலவசம். முதல் கட்டத்தில் திறந்த கதவு இரண்டாம் கட்டத்தில் மூடப்பட்டது. உள்ளே வந்தவர் உள்ளேயே நின்றார். இந்த மாற்றத்துக்குப் பின் மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்கு ஏறியதாக ரங்கநாதன் சொல்கிறார். பெட்டிக்கடைக்காரரின் பங்கையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். காலிப் பாக்கெட்டை எண்ணி வாங்கி இலவசத்தை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் அவர் வாயில் அந்தப் பெயர் வந்து போகிறது. பத்திரிகை விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு நிறுவனத்துக்கு அதுவே விளம்பரம்.

மணம் அடுத்த படி. மல்லிகை, ரோஜா மணங்களில் சிக் வந்தபோது மாத விற்பனை 30 லட்சத்தைத் தொட்டதாம். தலையில் பூ வைக்கும் பழக்கமுள்ள பெண்களுக்கு ஷாம்பு அந்நியப் பொருளாகத் தோன்றாமல் போனதற்கு இதைவிட எளிய காரணம் தேட வேண்டியதில்லை. நடிகை அமலாவை விளம்பரத்தில் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். விற்பனை மாதம் ஒரு கோடிக்குப் போனது. வரிசையை மறந்துவிடலாகாது. முதலில் நட்சத்திரத்தைப் பிடித்துப் பிறகு சரக்கைக் கடைக்கு அனுப்பும் சிறுமுதலாளிகளை இன்றும் காண்கிறோம். பெரும்பாலும் விளம்பரம் நினைவில் நிற்கும், சரக்கு நிற்காது. 1999-இல் 50 காசு பாக்கெட் வந்தது. ஒரே ஒரு நாணயம். சில்லறை பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்குள் நிறுவனம் ‘பியூட்டி காஸ்மெட்டிக்ஸ்’ ஆகி, 1998-இல் ‘கெவின்கேர்’ என்ற பெயரையும் பெற்றுவிட்டிருந்தது.

இந்தத் தொகைகள் நிறுவனரின் வாய்மொழி. வென்றவர் சொல்லும் கதையில் தோற்ற முயற்சிகளுக்கு இடம் குறைவாகவே இருக்கும். எனினும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அவர் காட்டும் காரணம் தனித்தனியானது, சோதிக்கத்தக்கது. வெறும் உழைப்பு, நம்பிக்கை என்று முடித்துவிடவில்லை. அதனால்தான் இந்தச் சான்றை எடுத்துக்கொள்ளலாம். பன்னாட்டு நிறுவனங்களும் பாக்கெட்டுக்கு வந்தன. இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் பலருடைய சரங்கள் அருகருகே தொங்குகின்றன. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத், ஏழை மக்களின் சந்தையைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை 2004-இல் வெளியிட்டபோது சிறு பாக்கெட் விற்பனை அதில் முக்கியமான உதாரணமாக இருந்தது. நூல் பெரும்பாலும் பெருநிறுவனங்களை நோக்கிப் பேசியது. கடலூரில் வாடகைக் கூடத்தில் நடந்த சோதனை அதைவிட இருபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

பாக்கெட்டின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பல அடுக்குப் பிளாஸ்டிக் உறையை மறுசுழற்சி செய்வது கடினம். காலிப் பாக்கெட் அவ்வளவு சிறியது என்பதால் பொறுக்குவோரும் தொடுவதில்லை. ஆற்றங்கரைகளிலும் குளத்துப் படித்துறைகளிலும் அதைப் பார்க்கிறோம். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், சந்தைக்கு அனுப்பிய உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர், வணிகப்பெயர் உரிமையாளர் ஆகியோர் மீது வைத்தன. காலிப் பாக்கெட்டை விலைமதிப்புள்ள பொருளாக்கி, வாங்கியவரே கடைக்குத் திருப்பிக் கொண்டுவரும்படி செய்ய முடியும் என்பதை 1980-களின் ஐந்துக்கு ஒன்று திட்டம் காட்டியிருந்தது. அன்று அதன் நோக்கம் விற்பனை மட்டுமே.