லேத் பட்டறைக்கு வந்த முப்பரிமாணம்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் கோவை கணபதியில் உள்ள எங்கள் பெரியப்பா மகன் பட்டறைக்குப் போயிருந்தேன். அண்ணனுக்கு வயதாகிவிட்டது. இப்போது அவர் மகன்தான் பார்த்துக்கொள்கிறான். பழைய இரும்பு பீரோ ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தான். உள்ளே கட்டுக்கட்டாகச் சுருட்டிய டிராயிங்குகள். ஓரமெல்லாம் கிரீஸ் கைரேகை.

"இதையெல்லாம் எடைக்குப் போட்டுறலாங்களா சித்தப்பா?" என்றான்.

"இருடா, ஒரு தடவ பாத்துக்கறேன்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

1970களின் கடைசியில் நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது விடுமுறைக்கு இங்கேதான் வருவேன். அப்போது இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அவ்வளவுதான். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டிய ஊர் அல்லவா? மோட்டார், பம்ப் கம்பெனிகளைச் சுற்றி இப்படி ஏகப்பட்ட சின்னப் பட்டறைகள். கம்பெனி வார்ப்பையும் டிராயிங்கையும் கொடுக்கும். இவர்கள் கடைந்து கொடுப்பார்கள்.

அந்த டிராயிங் வெள்ளைத் தாளில் நீலக் கோடுகளாக இருக்கும். புதிதாக வந்தால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். உண்மையான ப்ளூ பிரிண்ட் அதற்கு முந்தியது. 1842இல் ஜான் ஹெர்ஷெல் கண்டுபிடித்த முறை அது. நீலத் தாளில் வெள்ளைக் கோடுகள். நம் ஆட்கள் இரண்டையுமே ப்ளூ பிரிண்ட் என்றுதான் சொன்னார்கள்.

ஒரு பொருளை முன்னால், மேலே, பக்கத்தில் என்று தனித்தனிப் பார்வைகளாக வரையும் முறையை ஒழுங்குபடுத்தியவர் காஸ்பார் மோஞ்ச் என்ற பிரெஞ்சு கணித ஆசிரியர். கோட்டை கட்ட உதவியதால் அதைப் பல வருடம் ராணுவ ரகசியமாகவே பொத்தி வைத்திருந்தார்கள். ஆசிரியர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலது பக்கத்தைப் பார்த்து வரைந்த படத்தை முன்பக்கப் படத்துக்கு எந்தப் பக்கம் வைப்பது? நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் வழக்கமான ஃபர்ஸ்ட் ஆங்கிளில் இடது பக்கம் வைப்பார்கள். அமெரிக்காவில் வழங்கும் தேர்ட் ஆங்கிளில் வலது பக்கம். எது என்று சொல்ல டிராயிங்கின் மூலையில் வெட்டிய கூம்பு மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாறிய பொருள் கிடைக்கும்.

அதுவே ஒருமுறை நடந்தது. ஒரு கம்பெனி தந்த நகலில் மூலை வெட்டுப்பட்டிருந்தது. வெளிநாட்டு ஆர்டர், தேர்ட் ஆங்கிள். எங்கள் டர்னர் வழக்கம்போல ஃபர்ஸ்ட் ஆங்கிளாகப் படித்துவிட்டார். நாற்பது பிராக்கெட்டுகள். அளவில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் நாற்பதும் இடக்கை. எல்லாம் பழைய இரும்புக்குப் போயின. வார்ப்புக் காசைக் கம்பெனி பில்லில் பிடித்துக்கொண்டது. டர்னர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

அவர் எட்டாவது ஃபெயில். ஆனால் மூன்று தட்டைப் படங்களைப் பார்த்துக் கண்ணை மூடினால் முழுப் பொருளும் அவருக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் வடிவியல் பாடம் எடுக்கக் கற்றுக்கொண்ட எனக்கு அது தெரியாது. அவரிடம் உட்கார்ந்து பார்த்தும், பிறகு வகுப்பில் எத்தனை பேரிடம் "படிக்கலைன்னா லேத்துக்குத்தான் போவணும்" என்று திட்டியிருக்கிறேன்! இதைப் படிப்பவர்களில் அப்படித் திட்டு வாங்கியவர்களும் இருப்பீர்கள். மன்னித்துவிடுங்கள்.

எண்களால் இயந்திரத்தை ஓட்டும் எண்ணம் அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவருக்கு வந்தது. ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைச் சரியாகச் செய்ய வேண்டியிருந்தது அவருக்கு. 1952இல் எம்.ஐ.டி. அப்படி ஓடும் மில்லிங் மெஷினைக் காட்டியது. 1963இல் ஐவன் சதர்லண்ட் கணினித் திரையில் வரைந்து காட்டினார். எங்கள் பட்டறைக்கு முதல் சி.என்.சி. லேத் வந்ததோ 2000த்துக்குப் பிறகுதான், அதுவும் வங்கிக் கடனில். அப்போதும் காகிதம் போகவில்லை. டிராயிங்கைப் பார்த்து, கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, புரோகிராமை ஒவ்வொரு வரியாகத் தட்ட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் டூல் ஜாபிலேயே நின்றுவிடும். 2008க்குப் பிறகு சில வருடம் இருந்த மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள்.

உண்மையான மாற்றம் பையன் கைக்கு வந்தபின், வி.எம்.சி. வாங்கியபோது நடந்தது. இப்போது வாடிக்கையாளர் மின்னஞ்சலில் முப்பரிமாண மாடலையே அனுப்பிவிடுகிறார். பையன் திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த முகத்தை எந்த டூல் வெட்ட வேண்டும் என்று காட்டுகிறான். புரோகிராமைச் சாஃப்ட்வேரே எழுதுகிறது. வெட்டுவதைத் திரையிலேயே முதலில் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறான். கூம்புக் குறிக்கு இங்கே வேலையே இல்லை. நாற்பது பிராக்கெட் இனி அப்படி வீணாகாது.

ஆனால் ஆரம்பத்தில் ஒரு நாள் இதுவும் சறுக்கியது. ஒரு புல்லி. 6205 பேரிங் உட்கார வேண்டிய துளை. மாடலில் 52 மி.மீ. என்று இருந்தது. பையன் அதைப் பார்த்து, பம்ப் கூட்டுக்குப் போடும் பழக்கத்தில் எச்7 வைத்து ஓட்டிவிட்டான், அதாவது 52லிருந்து 0.030 மி.மீ. வரை பெரிதாக இருக்கலாம். அன்று பென்ஷன் விஷயமாக அண்ணனைப் பார்க்க வந்திருந்த பழைய டர்னர் முதல் பீஸைக் கையில் வாங்கினார்.

"தம்பி, இதுல எது சுத்தும்? தண்டா, புல்லியா?"

"புல்லிங்கய்யா."

"அப்ப பேரிங் தளதளன்னு விழுகுதே. இறுக்கமா உக்கார வேண்டாமா?"

சுற்றும் புல்லிக்கு என்7 வேண்டும். அதாவது 52ஐ விட 0.009 முதல் 0.039 மி.மீ. வரை சிறிய துளை. இல்லாவிட்டால் பேரிங் உள்ளேயே வழுக்கிச் சுற்றித் துளையைத் தின்றுவிடும். இரண்டுக்கும் மாடல் ஒன்றுதான், திரையில் அதே 52. விவரம் கூடவே வந்த பி.டி.எஃப். டிராயிங்கில் இருந்தது. பையன் அதைத் திறக்கவே இல்லை. ஒரு பீஸோடு தப்பித்தார்கள்.

இந்தக் குறையைப் பெரிய கம்பெனிகளும் உணர்ந்திருக்கின்றன. டாலரன்ஸை மாடலிலேயே எழுதி வைக்க அமெரிக்காவில் 2003இல் ஒய்14.41 என்ற தரநிலை வந்தது. ஆனால் கணபதிக்கு வரும் மாடல்களில் பாதிக்கு மேல் இன்னும் வெறும் உருவம்தான் என்கிறான் பையன். அதனால் பி.டி.எஃப்.-ஐ பிரிண்ட் எடுத்து, மெஷின் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டி, பேரிங் துளைகளைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு வைத்திருக்கிறான். வட்டமிடச் சொல்லிக்கொடுத்தவர் டர்னர். கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகும் சனிக்கிழமை தோறும் வருகிறாராம். சம்பளம் வாங்குவதில்லை, மதியச் சாப்பாடு மட்டும்.

பீரோவில் இருந்ததில் மூலை வெட்டுப்பட்ட அந்த நகலும் கிடைத்தது. பின்பக்கம் டர்னர் பென்சிலில் கூம்புக் குறியை இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்திருக்கிறார், நாலைந்து தடவை. அதை மட்டும் நான் வாங்கி வந்துவிட்டேன். உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ இப்படிப் பழைய டிராயிங் இருந்தால் எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.