நாட்டுச் சிவப்பின் பூர்வீகம்



வாலிஸ் மாநிலத்துக்குக் கோடை விடுமுறையில் போய்வந்த எம்மவர் பலர், மலைச்சரிவெங்கும் படிப்படியாக ஏறும் முந்திரிகைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். சுவிஸில் ஆகக் கூடுதலாக வைன் தரும் மாநிலம் அதுதான். விஸ்பர்ரெர்மினன் கிராமத்தில் இத்தோட்டங்கள் 1150 மீற்றர் உயரம்வரை போகின்றன. நல்ல வெயில், குறைந்த மழை, பகற் சூட்டை வாங்கி இரவில் விடும் கற்சுவர்கள் ஆகியவற்றால்தான் அந்த உயரத்திலும் பழம் பழுக்கிறது.

நான் கணக்காளன். ஆகவே காணிக் கணக்கில்தான் முதலில் கண் போகும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்ததால், அங்கே பல குடும்பங்களின் தோட்டங்கள் எங்கள் ஊரைப்போலப் பரப்புக் கணக்கில்தான் அளக்க வேண்டும். ஒரே குடும்பத்துக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகள்.

இந்த மாநிலத்தின் பழைய சிவப்பு முந்திரிகை ஒன்றின் கதையே இம்மாத உரை. பிரெஞ்சில் அதற்கு 'றூஜ் து பேயி', ஜேர்மனில் 'லான்ட்ரோட்டர்'. இரண்டுக்கும் 'நாட்டுச் சிவப்பு' என்றுதான் பொருள். நாங்கள் நாட்டுக்கோழி என்பதுபோல.

லொய்க் ஊரில் 1798இல் நடப்பட்டதாகச் சொல்லப்படும் இவ்வினக் கொடி ஒன்று இன்றும் உயிரோடு நிற்கிறது. மறு ஆண்டு, 1799 மே மாதத்தில், அவ்வூருக்கு அருகே பிஃபின் காட்டில் மேல்வாலிஸ் மக்கள் பிரெஞ்சுப் படையிடம் தோற்றார்கள். கொடி அந்தப் போரையும் கடந்து வந்திருக்கிறது.

ஆனால் 20ஆம் நூற்றாண்டில் சந்தை அதைக் கைவிட்டது. இது தாமதமாகப் பழுக்கும். ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஏமாற்றும். பினோ நுவாரும் கமேயும் இதைவிட நம்பிக்கையாகக் காய்த்தன. வரவு செலவு பார்த்தவர்கள் பழைய கொடிகளைப் பிடுங்கினார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சில தோட்டங்களில் மிஞ்சிய கொடிகளிலிருந்துதான் 1970களில் மீட்பு தொடங்கியது. 1972இல் 'கோர்னலான்' என்று புதுப்பெயரும் வைத்தார்கள். இன்று 100 கெக்ரெயருக்கு மேல் பயிராகிறது.

இனித்தான் முக்கியமான விடயம். 2000களின் தொடக்கத்தில் வாலிஸ் ஆய்வாளர் யோசே வூயமோவும் சக ஆய்வாளர்களும் மரபணுவைச் சோதித்தபோது, 'நாட்டு'க் கொடியின் தாயும் தகப்பனும் இத்தாலியின் அவொஸ்தாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பெத்தி றூஜ், மாயொலே என்ற இனங்கள் எனத் தெரியவந்தது. இடையில் நிற்பது 2469 மீற்றர் உயரமான பெரிய சென் பேர்னார் கணவாய். ஆக, வாலிஸ் மக்கள் 'எங்கள் நாட்டுச் சிவப்பு' என்று பெயர் வைத்தது மலை தாண்டி வந்த கொடிக்கு. இச்செய்தி வந்த பிறகும் அந்தப் பெயரை யாரும் பறிக்கவில்லை. அதன் பூர்வீகத்தையும் மறைக்கவில்லை.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளிடம் "நீ உண்மையில் எந்த ஊர்?" என்று பாடசாலையில் கேட்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து எங்களிடம் கேட்கிறது. யாழ்ப்பாணம் என்றால் இந்த ஊரை இழந்துவிடுமோ, சுவிஸ் என்றால் அந்த ஊரை மறந்துவிடுமோ என்று நாங்களும் தடுமாறுகிறோம். ஒன்றைச் சொல்ல மற்றதை அழிக்கத் தேவையில்லை என்பதற்கு இந்தக் கொடி சாட்சி. வேர் விட்ட மண்ணும் சொந்தம்தான், வந்த வழியும் சொந்தம்தான்.

வைன் குடிக்கச் சொல்லி இந்த உரை அல்ல. அடுத்த முறை லொய்க் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு அந்தக் கொடியைக் காட்டுங்கள், கதையையும் சொல்லுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.